இணையவழிப் பயிற்றுநர்: பணியாளரா, சேவை வழங்குநரா?

இந்தூர் நகரில் டிசம்பர் மாதத்து விடியற்காலை ஐந்து மணி. நியூயார்க்கில் அப்போது முதல் நாள் மாலை ஆறரை மணி. அங்கே பள்ளியிலிருந்து திரும்பிய ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கணினியின் முன் அமருகிறான். அவனுக்குப் பின்னக் கணக்குக் கற்பிக்க வேண்டிய ஆசிரியை இங்கே தம் வீட்டு முன்னறையின் கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தினர் விழித்துக்கொள்ளாதபடி குரலைத் தாழ்த்திப் பாடத்தைத் தொடங்குகிறார். மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அன்று முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இதே வகுப்பு இந்தூரில் காலை நான்கு மணிக்கு நடைபெறும். ஆசிரியையின் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. அவருடைய உறக்கம்தான் இடம்பெயருகிறது.

இத்தகைய ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அவரை அமர்த்தியிருப்பது பெங்களூரிலோ குருகிராமிலோ உள்ள ஒரு தனிப்பயிற்சி நிறுவனமாக இருக்கும். வகுப்பின் நேரம், பாடத்திட்டம், திரையில் காட்ட வேண்டிய படங்கள், பெற்றோரிடம் பேச வேண்டிய முறை ஆகிய அனைத்தையும் நிறுவனமே வகுத்துத் தருகிறது. ஆயினும், அவர் கணினித் திரையில் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய ஒப்பந்தத்தில், அவர் நிறுவனத்தின் பணியாளர் அல்லர் என்றும், தற்சார்புள்ள சேவை வழங்குநர் என்றும் ஒரு வாசகம் பெரும்பாலும் காணப்படும். ஊதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை இந்த வாசகத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஊதியம் நின்றுபோகும் நாளில், அவர் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டலாம், எந்தக் கதவு அவருக்குத் திறக்காது என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு வாசகமே ஆகும்.

தொழில் வளர்ந்த விதம்

தனிப்பயிற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நடத்திய கல்வி பற்றிய ஆய்வின்படி, மாணவர்களில் 27 சதவிகிதத்தினர் தனிப்பயிற்சி பெற்றுவந்தனர். நகர்ப்புறத்தில் இது 30.7 சதவிகிதமாகவும் கிராமப்புறத்தில் 25.5 சதவிகிதமாகவும் இருந்தது. இரண்டுக்குமிடையே உள்ள இடைவெளி பலர் எண்ணுவதைவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். சிற்றூர்களிலும் டியூஷன் இன்று குடும்பச் செலவின் ஒரு பகுதியாகிவிட்டது.

இப்பயிற்சி கம்பி வழியே கடல் கடந்து செல்லத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயாகும். கொச்சி, பெங்களூர் ஆகிய நகரங்களில் தொடங்கப்பட்ட சில நிறுவனங்கள், விடியலுக்கு முன் ஆசிரியர்களை அலுவலகத்துக்கு வரவழைத்து அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பித்தன. 2005ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட டியூட்டர்விஸ்டா அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. பின்னர் அதனைப் பிரிட்டனின் பியர்சன் நிறுவனம் தன்வசப்படுத்தியது. 2017ஆம் ஆண்டில் அது பைஜூஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அகன்ற அலைவரிசை இணைப்பு வீடுகளை எட்டியதும், அலுவலகம் என்ற ஒன்று தேவையற்றதாயிற்று. வாடகையும் மின்கட்டணமும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து ஆசிரியரின் கணக்குக்கு மாறியதும் அப்போதுதான்.

2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தொழில் திடீரென விரிந்தது. முதலீடு வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்தது. நிறுவனங்கள் ஒன்றையொன்று விலைக்கு வாங்கின. பட்டம் பெற்று வீட்டிலிருந்த பெண்கள் ஏராளமாக ஆசிரியர்களாயினர். பள்ளிகள் மீண்டும் திறந்ததும் மாணவர் எண்ணிக்கை சரிந்தது. 2022ஆம் ஆண்டில் சுமார் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகக் கணக்கிடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலை மாதத்தில் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உட்பட்டது. ஏற்றமும் இறக்கமும் நான்கே ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்டன.

இணையவழிப் பயிற்சி என்பது ஒரே வகையான வேலை அன்று. ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் நடக்கும் நேரடி வகுப்பு ஒரு வகை. புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆயிரக்கணக்கானோருக்குப் பாடம் நடத்த, மாணவரின் ஐயங்களைத் தீர்க்க மட்டும் வேறு சிலரை அமர்த்துவது மற்றொரு வகை. மூன்றாவது வகையில் முகம் பார்ப்பதே இல்லை. வினா திரையில் தோன்றும், விடையை எழுதி அனுப்பினால் வினாவுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும். இந்த மூன்றாவது வகையே முதலில் ஆட்டங்கண்டது. இந்தியப் பட்டதாரிகள் பலர் விடையெழுதி வந்த செக் என்னும் அமெரிக்க நிறுவனம், செயற்கை நுண்ணறிவு உரையாடிகளால் தன் புதிய வாடிக்கையாளர் வளர்ச்சி பாதிக்கப்படுவதாக 2023 மே மாதத்தில் அறிவித்தபோது, அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரடி வகுப்பு அவ்வாறு வீழ்ந்துவிடவில்லை. குழந்தையை இருக்கையில் அமரவைத்து, அது விழிப்பதைக் கண்டு, அதே கணக்கை வேறு வழியில் சொல்லித்தருவதற்கு இன்னமும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

250 ரூபாய் 142 ரூபாய் ஆவது எப்படி?

விளம்பரங்களில் காணப்படும் ஊதியம் வகுப்பு ஒன்றுக்கு உரியது. அதனை மணிக் கணக்காக மாற்றிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கணக்கு விளங்குவதற்காக, இந்தூர் ஆசிரியைக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாட்கள், நாளொன்றுக்கு 3 வகுப்புகள் என 78 வகுப்புகள் ஒதுக்கப்படுகின்றன. இவற்றில் 12 வகுப்புகளை மாணவர் கடைசி நேரத்தில் ரத்துச் செய்துவிடுகின்றனர். அவற்றுக்கு ஊதியம் இல்லை. எஞ்சிய 66 வகுப்புகளுக்குக் கிடைப்பது 16,500 ரூபாய்.

வகுப்பு ஒன்றுக்கு முன்தயாரிப்பு 20 நிமிடம், பெற்றோருக்கு அறிக்கை எழுத 10 நிமிடம் என்று கொண்டால் அவை மட்டும் 33 மணி நேரம். ரத்தான வகுப்புகளில் மாணவரை எதிர்பார்த்துத் திரையின் முன் கால்மணி நேரம் வீதம் காத்திருந்தது 3 மணி நேரம். புதிய மாணவரைச் சேர்ப்பதற்காக ஊதியமின்றி நடத்தும் மாதிரி வகுப்புகள் 6 எனில் மேலும் 6 மணி நேரம். ஆக, 66 மணி நேரக் கற்பித்தலுக்குப் பின்னால் 108 மணி நேர உழைப்பு இருக்கிறது. இணைய இணைப்புக்கும் மின்தடைக் காலத்துக்கான இன்வெர்ட்டர் பராமரிப்புக்கும் மாதம் 1,200 ரூபாய் கழித்தால் மீதம் 15,300 ரூபாய். மணிக்குச் சுமார் 142 ரூபாய் ஆகிறது. இந்த எண்கள் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. ஒப்பந்தத்தை ஏற்குமுன் ஒருவர் தம் எண்களை இதில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவனம் பணம் தருகையில் தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் 10 சதவிகித வரியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆண்டு வருமானம் வரிக்கு உட்படாத அளவினதாயின், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். கணக்குத் தாக்கல் செய்யாமலே அதனை இழந்துவிடுவோர் இருக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு காலை 9 முதல் மாலை 5 வரை வெளியே செல்ல இயலாத ஒருவருக்கும், பணியிட மாற்றலாகும் கணவருடன் ஊர் ஊராகச் செல்ல நேரும் ஒருவருக்கும் இவ்வேலை ஓர் உண்மையான வாய்ப்பே. வேறு எந்த ஏற்பாட்டிலும் அவருடைய கணிதப் பட்டம் இப்போது அவருக்குப் பயன்பட்டிருக்காது. குறை வேலையில் இல்லை. வேலைக்கு வைத்திருக்கும் பெயரில் இருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

ஒருவர் பணியாளரா, தற்சார்புள்ள ஒப்பந்ததாரரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சொல் மட்டுமே முடிவு செய்துவிடாது என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் நெறியாகும். ஆந்திரப் பிரதேசத்துத் தையற்கடை ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தையற்காரர்கள் தைத்த துணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெற்றனர்; நாள் முழுதும் கடையில் இருக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் தையல் இயந்திரம் கடைக்காரருடையது. தைத்தது சரியில்லையெனில் அதனைத் தள்ளிவிடும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் கடையின் பணியாளர்களே என்று நீதிமன்றம் கருதியது. தையல் இயந்திரத்தின் இடத்தில் நிறுவனத்தின் வகுப்பு மென்பொருளையும், துணியைத் தள்ளும் உரிமையின் இடத்தில் பெற்றோர் இடும் நட்சத்திர மதிப்பீட்டையும் வைத்துப் பார்த்தால், ஒப்புமை தானே விளங்கும்.

ஆனால் ஆசிரியருக்கு வேறொரு தடை இருக்கிறது. 1988ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், ஆசிரியர் கைத்தொழில் வேலையோ எழுத்தர் வேலையோ செய்பவர் அல்லர் என்றும், கல்வி புகட்டல் ஓர் உயரிய பணி என்றும் கூறிய உச்ச நீதிமன்றம், தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. பணிக்கொடைச் சட்டத்திலும் இதே நிலை 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால் ஏற்பட்டது. அதனை நாடாளுமன்றம் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், 1997 ஏப்ரல் 3ஆம் நாளிலிருந்து செல்லுபடியாகும் வகையில் மாற்றியமைத்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆசிரியருக்குச் சமுதாயம் அளித்த மரியாதையே சட்டத்தில் அவருக்கு எதிரான வாதமாக அமைந்துவிட்டது என்று கூறினால் மிகையாகாது. பள்ளி ஆசிரியரின் நிலையே இதுவாயின், பள்ளியும் இல்லாத ஆசிரியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டின் முழு வலிமையும் நிறுவனம் நொடித்துப்போகும்போதுதான் தெரியும். 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பின் 53ஆம் பிரிவு, கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தை விற்றுவரும் பணம் யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர் என்ற வரிசையை வகுத்துள்ளது. நடவடிக்கைச் செலவுகளுக்கு அடுத்தபடியாகத் தொழிலாளரின் 24 மாத நிலுவையும் ஈடு பெற்ற கடன்களும் ஒரே நிலையில் வைக்கப்பட்டுள்ளன. அதன் பின் ஏனைய பணியாளரின் 12 மாத நிலுவை வருகிறது. அதற்கும் பின்னர் ஈடு இல்லாத நிதிக் கடன்கள். பின்னர் அரசுக்குச் செலுத்த வேண்டியவை. 'எஞ்சிய கடன்கள்' என்ற தலைப்பு இவையனைத்துக்கும் கீழே இருக்கிறது. சேவை வழங்குநர் எனப் பெயர் சூட்டப்பட்ட ஆசிரியரின் நிலுவை அங்கேதான் சேரும். விளம்பரப் பலகை அமைத்துத் தந்தவரும் அதே வரிசையில் நிற்பார். அந்தப் படிக்கட்டு வரை பணம் இறங்கி வருவது அரிது.

இந்நடவடிக்கையைத் தாமே தொடங்கவும் ஆசிரியரால் இயலாது. 2020 மார்ச் மாதத்தில் வெளியிடப்பட்ட அறிவிக்கையின்படி, குறைந்தது 1 கோடி ரூபாய் நிலுவை இருந்தால்தான் மனு ஏற்கப்படும். 60,000 ரூபாய் வர வேண்டியவருக்கு அந்த வாயில் மூடியே இருக்கிறது. வேறு யாரேனும் தொடுத்த மனுவின்பேரில் நடவடிக்கை தொடங்கிவிட்டால், நிறுவனத்தின் மீது நடக்கும் மற்ற வழக்குகள் யாவும் சட்டப்படி நிறுத்திவைக்கப்படும். அப்போது ஆசிரியர் செய்யக்கூடியது, பொது அறிவிப்பில் குறித்த நாளுக்குள் இடைக்காலத் தீர்வு அலுவலரிடம் தம் கோரிக்கையைப் பதிவு செய்வதே. சேவை வழங்குநருக்கு 'பி' படிவம். தொழிலாளருக்கும் பணியாளருக்கும் 'டி' படிவம். எந்தப் படிவத்தை நிரப்புவது என்ற வினாவிலேயே பழைய ஒப்பந்த வாசகம் மீண்டும் வந்து நிற்கிறது.

மாணவரின் பெற்றோருக்குக் கட்டணம் திரும்ப வராவிட்டால் அவர் நுகர்வோர். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதே வகுப்பின் மறுமுனையில் இருந்த ஆசிரியருக்கு அத்தகைய எண் எதுவும் இல்லை.

சேவை வழங்குநர் என்றால், அவருக்குரிய உரிமை எங்கே?

இவ்விடத்தில், பலரும் கவனிக்காத ஒரு சட்டத்தை எடுத்துக்காட்டலாம். ஆசிரியர் பணியாளர் அல்லர், சேவை வழங்குநர் என்பதே நிறுவனத்தின் நிலையாயின், சேவை வழங்கும் சிறு தொழில்முனைவோருக்கு நாடாளுமன்றம் அளித்துள்ள பாதுகாப்பு அவருக்கும் உரியதாக வேண்டும். 2006ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடமிருந்து பொருளோ சேவையோ பெற்றவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாட்கள் என்று எழுதியிருப்பினும் சட்டம் வகுத்த வரம்பே நிற்கும். காலங்கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி மாதந்தோறும் ஏறும். வணிகக் கடன்களில் இத்துணைக் கடுமையான வட்டியைச் சட்டமே விதிப்பது அரிது.

இதற்கு வேண்டுவது உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவை ஆதார் எண்ணையும் நிரந்தரக் கணக்கு எண்ணையும் கொண்டு இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை உள்ளவை, முதலீட்டு வரம்புக்கும் உட்பட்டு, குறு நிறுவனங்களாகக் கொள்ளப்படுகின்றன. தனி ஆசிரியரின் வருவாய் அதன் அருகே கூட வராது. நிலுவை ஏற்பட்டால் இணையத்தின் வழியே மாநிலத்தின் வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். மேலும், முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் சேவை வழங்கியவர் இருக்கும் இடத்துக் குழுவுக்கே உண்டு. பணம் தர வேண்டியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. பெங்களூர் நிறுவனத்தின் மீதான முறையீட்டுக்காக இந்தூர் ஆசிரியை ரயில் ஏற வேண்டியதில்லை. குழுவின் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

இவ்வழியை மிகைப்படுத்திவிடவும் கூடாது. ஒப்பந்தம் செய்த பிறகு பெற்ற பதிவு முந்தைய நிலுவைக்குப் பயன்படாது என்ற வாதம் நீதிமன்றங்களில் எழுந்து, ஏற்கப்பட்டும் உள்ளது; ஆதலால் வேலையை ஏற்குமுன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்து தனியே கற்பிப்பவரை ஒரு தொழில் நிறுவனமாகக் கொள்ள இயலுமா என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கூறினாலும், குழுக்களில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதை அறியாதவர் இல்லை. வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடமிருந்து நேரே ஊதியம் பெறுபவருக்கு இக்குழுவால் பயன் கிட்டாது. மேலும், ஒரு மன்றத்தில் பணியாளர் என்றும் மற்றொன்றில் சேவை வழங்குநர் என்றும் ஒருவரே வாதிட முடியாது. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவும் இருப்பினும், சில ஆயிரம் ரூபாய் நிலுவைக்கு உரிமையியல் நீதிமன்றம் செல்வதைவிட இது எளிது. வழக்குக்கு முந்தைய நிலையில் மக்கள் நீதிமன்றத்தை நாடுவதும் இயலும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்கள் அனைவரும் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

புதிய சட்டத் தொகுப்பு

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மரபான முதலாளி-பணியாளர் உறவுக்கு வெளியே உழைக்கும் 'கிக்' பணியாளரையும், இணையத் தளங்களின் வழியே வேலை பெறும் தளவழிப் பணியாளரையும் முதன்முறையாக மத்தியச் சட்டத்தில் வரையறுத்துள்ளது. தளத்தை நடத்தும் நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் வரை சமூகப் பாதுகாப்புக்காகச் செலுத்த வேண்டும். அத்தொகை அப்பணியாளர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 5 சதவிகிதத்தைத் தாண்டலாகாது. ஆயுள், விபத்துக் காப்பீடு, உடல்நலம், மகப்பேறு, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்க இதில் இடமுண்டு.

எந்தெந்த நிறுவனங்கள் இதற்குள் வரும் என்பதை ஏழாம் அட்டவணை கூறுகிறது. வாடகை வாகனம், உணவு வழங்கல், சரக்குப் போக்குவரத்து ஆகியவை அதில் வெளிப்படையாக உள்ளன. தனிப்பயிற்சி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனினும் தொழில்முறைச் சேவைகள் என்ற இனமும், ஏனைய சேவைகளை வழங்கும் தளம் என்ற பொது இனமும் அதில் இருப்பதால், பயிற்றுநர்களை உட்படுத்துவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஐயத்தை நீக்கும் ஒரு விளக்கம் போதும். நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இத்தகைய பணியாளர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது. அப்பணியாளர் எனப்படும்போது பொதுமக்கள் மனத்தில் தோன்றுவது உணவுப் பை சுமந்து மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞரே. சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆசிரியையைத் தெருவில் எவரும் காண்பதில்லை, அதிகாரிகளும் காண்பதில்லை.

சமூகப் பாதுகாப்பு வேறு, ஊதியப் பாதுகாப்பு வேறு என்பதையும் மறத்தலாகாது. ரத்தான வகுப்புக்கு ஊதியம் உண்டா, மதிப்பீடு குறைந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாமா என்ற கேள்விகளுக்கு இத்தொகுப்பில் விடை இல்லை. ராஜஸ்தான் 2023ஆம் ஆண்டிலும் கர்நாடகம் 2025ஆம் ஆண்டிலும் இத்தகைய பணியாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன.

பதிவு செய்த பாடம் யாருடையது?

வகுப்புகள் பெரும்பாலும் பதிவு செய்யப்படுகின்றன. ஆசிரியர் விலகிய பின்னரும் அவருடைய முகமும் குரலும் கற்பித்துக்கொண்டே இருக்கும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் படைத்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர். ஆகவே பணியாளர் அல்லாத ஆசிரியர் எழுதிய பயிற்சித்தாளும் பாடக்குறிப்பும், எழுத்துமூலம் மாற்றித் தராத வரை, அவருடையவையே. உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால், அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். ஒளிப்பதிவைப் பொறுத்தவரை உரிமை அதனைத் தயாரித்தவருக்கே செல்கிறது. ஆனால் அச்சட்டம் 'நிகழ்த்துநர்' எனும் மற்றொருவருக்கும் 50 ஆண்டு உரிமை அளிக்கிறது. நடிகர், பாடகர், வித்தை காட்டுபவர், பாம்பாட்டி என்று நீளும் அந்தப் பட்டியலில், பாம்பாட்டிக்கு அடுத்தபடியாக விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெற்றிருக்கிறார். ஆசிரியருக்கு இடம் கிடைத்ததே போதும். யாருக்குப் பக்கத்தில் என்பது பெரிதன்று. நிறுவனங்கள் இதனை நன்கு அறியும். எல்லா உரிமைகளையும் என்றென்றைக்கும் உலகெங்கும் மாற்றித் தருவதாக ஒரு நீண்ட வாக்கியம் ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் வைக்கப்படுவது இதனால்தான்.

இவ்வுரிமைகளில் எதனை நிலைநாட்டவும் முதலில் வேண்டுவது சான்று. எத்தனை வகுப்பு நடந்தது, எது யாரால் ரத்தாயிற்று, எந்த மாதத்துப் பணம் நிலுவையில் உள்ளது என்ற விவரம் முழுதும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. உறவு முறிந்த அன்றே ஆசிரியரின் கடவுச்சொல் செல்லாததாகிவிடும்; மறுநாள் தம் கணக்கைத் தாமே பார்க்க இயலாதவராகிறார் அவர். வசதியாக்கக் குழுவாயினும் தீர்வு அலுவலராயினும் கேட்பது தேதி வாரியான கணக்கையே. ஒப்பந்தத்தின் படி ஒன்று, மாதந்தோறும் வந்த ஊதிய விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தம்மிடமே சேமித்து வைத்திருப்பவர் சிலர். வகுப்பு முடிந்தவுடன் நாளும் நேரமும் குறித்து வைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று மேசையின் மீது இருந்தாலும் போதும். நிறுவனத்துக்கு அனுப்பும் மாதப் பட்டியலை அதிலிருந்தே எழுதி, மின்னஞ்சலில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். 45 நாள் கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது என்பதைக் காட்ட அந்தப் பட்டியல் உதவும்.